பின்பக்கமாக இறங்கிய கடற்கரை

ஏற்றம் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. இறக்கம்தான் வில்லங்கம். இதைச் சொன்னால் இரண்டு காலும் உள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு இறக்கம் என்றால் ஓய்வு. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அதில் கணுக்கால் மடங்காது. மேட்டில் ஏறும்போது நல்ல காலை முன்னால் வைத்து உடம்பைத் தூக்கிவிட்டால் மற்றது பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும். இறங்கும்போது அந்தப் பாதம் பலகை மாதிரி விறைத்து நிற்கும். குதிகால் மட்டும் தரையைத் தொடும். முழங்கால் முன்னால் தள்ளும். அப்புறம் முகம்தான் தரையைத் தொடும். கால் மாட்டிய புதிதில் நான் விழுந்ததெல்லாம் இறக்கத்தில்தான்.

இருபத்தாறு வருஷம் செம்பனை லோரி ஓட்டினேன். தோட்டத்தில் வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு நடை, ஐந்து நடை. ஒரு மத்தியானம் குலை ஏற்றுகிறவர்களுக்குக் கைகொடுக்க இறங்கியபோது மட்டையில் இருந்த முள் சப்பாத்தைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வண்டியை எடுத்தேன். எனக்கு இனிப்பு நீர் வியாதி இருப்பது தெரியும். அதற்கான மாத்திரை அலமாரியில் தூசி படிந்து கிடப்பதும் தெரியும். காலில் உணர்ச்சி குறைந்து போயிருந்ததால் வலியே இல்லை. வலிக்காததைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

ஆறேழு நாள் கழித்து என் மனைவி கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னா தேடுற?"

"எலி எதுவோ செத்துக் கெடக்குங்க. ரூம்பு பூரா வாடை."

எலி எதுவும் சாகவில்லை. அவள் தலையை வெளியே இழுத்து நிமிர்ந்தபோது என் பாதம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய் அடையாளக் கார்டையும் துணிமணிகளையும் பையில் வைத்தாள். பத்து நாளில் கால் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு வருஷம் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் வீடு பெரிய சாலைக்குப் பக்கம். போகிற லோரியின் சத்தத்தை வைத்தே அது பாரம் ஏற்றிப் போகிறதா, காலியாகத் திரும்புகிறதா என்று சொல்லிவிடுவேன். எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி. செயற்கைக் கால் கொடுத்தார்கள். வீட்டுக்குள் நடந்தேன், முக்குக் கடை வரை நடந்தேன். அதற்கு மேல் நடக்க எனக்கு ஒரு இடமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். கிள்ளானில் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. இருபத்து நான்கு வயது. சனி ஞாயிறு வந்தால் தோழிகளோடு மலை, காடு என்று கிளம்பிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கைப்பேசியில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் நீட்டினாள். காட்டு மரங்களுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல். அதற்குக் கீழே பிறை மாதிரி ஒரு மணல் கரை.

"இது எங்க?"

"போர்ட்டிக்சன் கிட்டப்பா. தஞ்சோங் துவான். மேல லைட்ஹவுஸ் இருக்கு. அங்கேருந்து காட்டுக்குள்ள பூந்து எறங்கணும். செம்ம ஸ்டீப். கயிறெல்லாம் கட்டி வெச்சிருக்காங்க."

"தண்ணி ஏன் பச்சையா இருக்கு?"

அவள் சிரித்தாள். "கடல் அப்படித்தான்பா இருக்கும். நம்ம ஊரு மாதிரி எல்லா எடத்துலயும் தேத்தண்ணி கலராவா இருக்கும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்குத் தெரிந்த கடல் கோல சிலாங்கூர்க் கடல். கண்டல் மரமும் சேறும் தாண்டித்தான் தண்ணீர். செகிஞ்சானில் மீன் படகுகள் வந்து சேரும் துறையிலும் அதே நிறம்தான். ஐம்பத்தோரு வயது வரை இந்த நாட்டில் இருந்துகொண்டு, அடியில் மணல் தெரிகிற கடலில் நான் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. லோரிக்காரனுக்கு ஞாயிறு என்றால் தூக்கம்.

"இதுல நான் எறங்க முடியுமா?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. மகள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். ஆறுதல் சொல்லும் முகம் இல்லை அது. அலுவலகத்தில் ஒரு சரக்கு போய்ச் சேருமா சேராதா என்று கணக்குப் போடுகிற முகம்.

"இப்ப முடியாதுப்பா," என்றாள். "நாலு மாசம் ப்ராக்டிஸ் பண்ணா முடியலாம்."

சமையலறையில் பாத்திரம் ஒன்று டமால் என்று விழுந்தது. மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அப்பனுக்கும் மகளுக்கும் பைத்தியம் புடிச்சிருச்சா? இருக்கிற ஒரு காலயும் ஒடிச்சிக்கிட்டு வந்தா யாரு பாக்கறது?"

அன்று முழுக்கத் திட்டினாள். மறுநாள் காலை பள்ளிக்கூடக் கேன்டீனுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "போறதா இருந்தா நானும் வருவேன். நான் இல்லாம ஒரு அடி வெக்கக் கூடாது. ஆமா."

இப்படித்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு கோல சிலாங்கூர் மலாவத்தி குன்றுக்குப் போவோம். ஒரு பக்கம் தார்ச்சாலை சுற்றிச் சுற்றி ஏறும். இன்னொரு பக்கம் செங்குத்தாகப் படிகள். முதல் நாள் தார்ச்சாலையில் பாதி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. வெட்டிய கால் நுழைகிற கிண்ணத்துக்குள் வேர்வை தேங்கி, நடந்தால் சளக் சளக் என்று சத்தம் வந்தது. ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து காலைக் கழற்றினேன். மனைவி துண்டால் துடைத்தாள். குன்றில் நிறையக் குரங்குகள். அதில் ஒன்று எதிரே வந்து உட்கார்ந்து, நான் காலைக் கழற்றுவதையும் மாட்டுவதையும் வாய் திறந்து பார்த்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததில்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ படிகளில் இறங்கிப் பழகினேன். ஒரு கை கம்பியில், மறு கை மனைவி தோளில். ஒரு படி இறங்க அரை நிமிஷம். ஒரு நாள் என் இடுப்பில் செருகியிருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவி மேல்படியிலேயே விழுந்தது. எடுப்பதற்காகக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து மேல்பக்கம் திரும்பினேன். போத்தலை எடுத்துக்கொண்டு அப்படியே செயற்கைக் காலைப் பின்னால் ஒரு படி கீழே விட்டேன். விரல் பக்கம் முதலில் தரையைத் தொட்டது. முழங்கால் முன்னால் தள்ளவில்லை. ஜம்மென்று நின்றது. இன்னொரு படி விட்டேன். அதுவும் நின்றது.

"புள்ள, தள்ளிக்க," என்றேன்.

"என்னா பண்ணப் போறீங்க?"

"ரிவர்ஸ் எடுக்கப் போறேன்."

பாரம் ஏற்றிய லோரியை மில் மேட்டில் பின்னால் விட்டே பழகியவன் நான். திரும்பித் திரும்பிப் பார்த்து, தோளுக்கு மேல் கண்ணை ஓட்டி, படிப்படியாக இறங்கினேன். நூறு படியும் இறங்கினேன். அடியில் நின்று மேலே பார்த்தபோது மனைவி பாதிப் படியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். காலை நடைக்கு வந்த மலாய்க்காரப் பெண்கள் சிலர் என்னைக் கடந்து போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். நான் முக்குக் கடை தாண்டாமல் இருந்த ஒரு வருஷத்தை நினைத்து எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நல்ல கோபம் அது.

மணலில் நடப்பதற்கு வேறு இடம் தேடினோம். எங்கள் ஊரில் ஈயம் தோண்டிய காலத்தில் கொட்டிய மணல் மேடுகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்திலேயே குட்டைகள். சின்ன வயதில் அந்தக் குட்டைகளில்தான் நான் நீந்தப் பழகினேன். தெரிந்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். மாலையில் மனைவி கேன்டீனிலிருந்து வந்ததும் அந்த மேடுகளில் ஏறி இறங்குவோம். வெள்ளை மணல் கால் புதைய உள்வாங்கும். அங்கே விழுந்தால் அடிபடாது என்பது வசதி. நான் விழுந்தேன். அவளும் விழுந்தாள். ஒரு நாள் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்து, எழ மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து சிரித்தோம். மாத்திரையை அவள் வேளை தவறாமல் கையில் வைத்தாள். நானும் மறுபேச்சில்லாமல் விழுங்கினேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். மகள்தான் காடி ஓட்டினாள். கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தாள். பின் இருக்கையில் மனைவி ஒரு பெரிய பையோடு உட்கார்ந்திருந்தாள். நான்கு துண்டு, ஐந்து போத்தல் தண்ணீர், வெட்டிய காலுக்கு மாற்று உறைகள், இட்லி, பாண்டேஜ், பழைய ஊன்றுகோல் ஒன்று. "ஊன்றுகோல் எதுக்கு?" என்றேன். "திரும்பி வர்றப்ப நீங்க அந்தக் காலத் தூக்கி வீசிட்டீங்கன்னா?" என்றாள்.

காட்டு வாசலில் இருந்த காவலர் என் அரைக்கால் சிலுவாரையும் அதற்குக் கீழே பளபளத்த கம்பியையும் பார்த்தார். இளைஞர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாக்சிக், போலே கே?" பெரியவரே, முடியுமா என்கிறார்.

"போலே," என்றேன். முடியும்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான்கு மாதம் ஆகியிருந்தது.

கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை. நல்ல ஏற்றம்தான், ஆனால் நான் நிற்காமல் ஏறினேன். வெள்ளைக் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் எறும்பு மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வானத்தில் பருந்துகள் வட்டமிட்டன. நீளமான கேமராக்களோடு சில பேர் அண்ணாந்து நின்றார்கள். அவர்களைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தோம்.

கொஞ்ச தூரம் சாதாரண ஒற்றையடிப் பாதைதான். பிறகு தரை திடீரென்று முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் மரவேர்கள் படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அவற்றுக்கு நடுவே செம்மண் வழுக்கு. மரத்துக்கு மரம் கட்டிய தடித்த கயிறு. அதற்கும் கீழே, இலைகளின் இடுக்கில், கைப்பேசியில் பார்த்த அதே பச்சை. அலைச் சத்தம் நேராகக் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

"அப்பா, நான் மொதல்ல. அப்புறம் நீங்க. அம்மா லாஸ்ட்டு," என்றாள் மகள். பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆடு மாதிரி இறங்கினாள்.

நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன். முகத்தை மலைப்பக்கம் திருப்பினேன். செயற்கைக் காலைப் பின்னால் விட்டு வேரைத் துழாவினேன். அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. வேரைத் தொட்டதா, வெறும் இலையைத் தொட்டதா என்று அதுவாகச் சொல்லாது. இடுப்புக்கு வரும் அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டொக் என்றால் வேர். சொத் என்றால் மண். ஒரு டொக், கையை மாற்று. இன்னொரு டொக், கையை மாற்று. கீழிருந்து மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். "லெஃப்ட்ல ஒரு கல்லு இருக்குப்பா. இன்னும் கொஞ்சம் கீழ. ஓகே, அதுதான்." லோரி ஓட்டிய கைகள் எனக்கு. கயிற்றில் உடம்பு கனக்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு வேர் இறங்கியதும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் கிளம்பியது.

பின்பக்கமாக இறங்கியதால் என் கண் மேலேயே இருந்தது. அதனால்தான் என் மனைவியின் முகத்தை நான் பார்த்தேன்.

அவள் முதல் வேரிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் பக்கத்து மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு வெளுத்திருந்தது.

"என்னாச்சு புள்ள?"

மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தலை சுத்துதா?"

"என்னால முடியாதுங்க," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. "கீழ பாத்தா ஈரக்கொலை நடுங்குது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

நான்கு மாதம் ஒவ்வொரு படியிலும் கூட வந்தவள். குன்றில் கம்பி இருந்தது, மேட்டில் மணல் இருந்தது. இந்த மாதிரி ஒரு இடத்தில் அவளுக்கு இப்படி ஆகும் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கீழேயிருந்து மகள், "நான் மேல வரவாம்மா?" என்று கத்தினாள். மனைவி வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள். மேலே திரும்பிப் போவதற்கும் அவளால் எழ முடியவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"நீ அங்கயே நில்லு பாப்பா," என்று மகளிடம் சொல்லிவிட்டு, இறங்கிய வேர்களில் திரும்ப ஏறினேன். மனைவிக்கு இரண்டு வேர் கீழே வந்து நின்றேன். நல்ல காலை ஒரு மரத்தின் அடியில் முட்டுக் கொடுத்தேன். கயிற்றை இடது அக்குளில் சுற்றிக்கொண்டேன். அவள் வழுக்கினால் என் மேல்தான் விழுவாள். நான் விழுந்தால் மகள் மேல். யோசித்துப் பார்த்தேன். என் பிடி நழுவாது என்று எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு நிச்சயம் எனக்கு ரொம்ப நாளாக வந்ததே இல்லை.

"இந்தா, கண்ணத் தொறக்க வேணாம். அப்படியே மலைப்பக்கம் திரும்பிக்க. மரத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டே திரும்பு."

"விழுந்துருவேன்."

"நான் கீழ இருக்கேன்ல. திரும்பு."

மெல்லத் திரும்பினாள். மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இப்ப எடது கால எங்கிட்ட குடு."

அவள் கணுக்காலைப் பிடித்து ஒரு வேரில் வைத்தேன். அழுத்திக் காட்டினேன். உடம்பின் கனத்தை அதில் விட்டாள். அடுத்த காலைப் பிடித்தேன். அதற்கு வைக்க வேரே இல்லை. வழுவழு மண். கையால் துழாவினேன், ஒன்றும் அகப்படவில்லை. அவள் கால் என் கையிலேயே தொங்கியது.

அப்போதுதான் என் செயற்கைப் பாதத்தைப் பார்த்தேன். இரண்டு வேர்களுக்கு நடுவே சப்பாத்தோடு அசையாமல் செருகி நின்றது. ஆப்பு அடித்த மாதிரி.

"என் கால் மேல மிதி," என்றேன்.

"ஐயோ, வேணாங்க!"

"வலது கால சொல்றேன். நல்லா மிதி. அதுக்கு எங்க வலிக்கப் போவுது?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறினேன். சிரிக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே என் பாதத்தின் மேல் முழு எடையையும் வைத்து இறங்கினாள்.

"வலிக்குதா?"

"கன்னாபின்னான்னு வலிக்குது. எறங்கு."

அதன் பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். பள்ளத்தைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தாள். நான் ஒரு அடி, அவள் ஒரு அடி. வேர் இருந்தால் வேர், இல்லாத இடத்தில் என் பாதம். எத்தனை தடவை மிதித்தாள் என்று எனக்குத் தெரியாது. சப்பாத்தின் மேல்தோல் கிழிந்தே போனது. எங்கள் பக்கமாக மூன்று சீன இளைஞர்கள் கிடுகிடுவென்று இறங்கி வந்தார்கள். வழி விடச் சொல்லவில்லை. ஓரமாக மரத்தைப் பிடித்து நின்று, நாங்கள் இறங்கி முடிக்கும் வரை சும்மா காத்திருந்தார்கள்.

கடைசி வேருக்குக் கீழே ஒரு பாறை. பாறைக்குக் கீழே மணல். மகள் தன் அம்மாவின் இடுப்பைப் பிடித்து இறக்கினாள். நான் கயிற்றை விட்டேன். திரும்பினேன்.

அதுவரை என் முதுகுக்குப் பின்னால் இருந்த கடல் அப்போதுதான் முழுசாக எனக்கு முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் கறுப்புப் பாறை. நடுவில் ஒரு சிறிய பிறை. மணல் பொன்னிறம். தண்ணீர் கரையில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கும் தள்ளி நீலம். அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. மனைவி மணலில் தொப்பென்று உட்கார்ந்து மலையை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுலயா நான் எறங்குனேன்?" என்றாள். நம்ப முடியாத குரல். அடுத்தது சண்டைக்காரக் குரல். "பாப்பா, ஒரு போட்டோ எடு. நானும் மலையும் சேந்து தெரியணும்."

நான் பாறையில் உட்கார்ந்து காலைக் கழற்றினேன். உப்புத் தண்ணீரும் மணலும் அதன் உள்ளே போகக் கூடாது. துண்டில் சுற்றி மகளிடம் கொடுத்தேன். "கொரங்கு தூக்கிட்டுப் போச்சுன்னா நான் இங்கயே குடியிருக்க வேண்டியதுதான். பத்திரம்." அவள் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டாள்.

மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே தண்ணீருக்குப் போனேன். முழங்கால் அளவு, தொடையளவு, இடுப்பளவு. உப்பு, வெட்டிய இடத்துத் தழும்பில் சுருக்கென்று பட்டது. இன்னும் ஒரு அடி வைத்து அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன்.

முங்கினேன். நீந்தினேன்.

முதலில் நேராகப் போக வரவில்லை. ஒரு பக்கமாக இழுத்தது. இடது காலை மட்டும் அடித்தால் உடம்பு வளைந்து வட்டம் போட்டது. கையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன். பிறகு வந்துவிட்டது. தண்ணீரில் நான் நொண்டி இல்லை. தரையில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிற எனக்கு அங்கே யோசிக்க ஒன்றுமே இல்லை. மல்லாந்து மிதந்தேன். பருந்து ஒன்று எனக்கு நேர் மேலே நின்றது. காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகமே அமைதியானது. எவ்வளவு நேரம் கிடந்தேனோ, கரையில் மனைவி இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டபோதுதான் வெகுதூரம் போய்விட்டது தெரிந்தது. நிதானமாக நீந்தித் திரும்பினேன்.

"போதும், வாங்க! இட்லி ஆறிப் போச்சு!"

"இட்லி காலையிலயே ஆறிப் போச்சு," என்றேன்.

நாங்கள் கிளம்பும்போது தெற்கே மேகம் கறுத்து வந்தது. கடலும் ஏறத் தொடங்கியது. அவசரம். ஆனால் காலை மாட்டுவதில் அவசரம் கூடாது. ஒரு மணல் துகள் உள்ளே இருந்தாலும் அது தோலை அரைத்துவிடும். மனைவி இரண்டு போத்தல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். துடைத்தாள். திரும்பத் துடைத்தாள். நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததில் சதை சுருங்கியிருந்ததால் கூடுதலாக ஒரு உறை போட்டு இறுக்கினேன்.

ஏற்றம் எனக்குப் பிரச்சினை இல்லை என்று சொன்னேன். ஆனால் அன்று மழை பெய்தது. பாதிக் கயிற்றில் இருக்கும்போது முதல் துளிகள் இலைகளில் படபடத்தன. கொஞ்ச நேரத்தில் செம்மண் குழம்பாகிவிட்டது. நல்ல கால் வழுக்கி நான் நெஞ்சோடு மண்ணில் விழுந்தேன். வாயெல்லாம் சேறு. மேலிருந்து மனைவி அலறினாள். கீழிருந்து மகள் என் இடுப்பைப் பிடிக்க வந்தாள்.

"தொடாத," என்றேன். "நானே எந்திரிக்கிறேன்."

முகத்தை மலையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்கினேன். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினேன். கையால் உடம்பை இழுத்து, முழங்காலை வேரில் ஏற்றி, மறுபடி இழுத்தேன். ஒரு வேர். இன்னொரு வேர். மேலே மனைவி ஏறிக்கொண்டே, "அந்த வேரு ஆடுது, அதப் புடிக்காதீங்க! பக்கத்துல கல்லு இருக்கு பாருங்க!" என்று கத்திக் கத்தி வழி சொன்னாள். இறங்கும்போது கண்ணைத் திறக்கவே பயந்தவள், இப்போது மழையில் நனைந்துகொண்டு, கீழே என்னைப் பார்த்துப் பார்த்து ஏறினாள்.

கடைசி வேரில் கை வைத்துத் தரைக்கு வந்ததும் நான் எழுந்து நின்றேன். யாரையும் பிடிக்காமல், நேராக. பின்னாலேயே மகளும் மேலே வந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்தினேன். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்தல். மில் மேட்டில் பின்னால் நிற்கிறவனை நகரச் சொல்லி லோரிக்காரன் கத்துவானே, அந்த மாதிரி. காடு முழுக்கக் கேட்டிருக்கும். மகளும் கத்தினாள். மனைவி, "மெதுவா, மெதுவா, ஆளுங்க இருக்காங்க," என்று எங்களை அடக்கிவிட்டு, அக்கம் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவளும் ஒரு கத்தல் கத்தினாள். எங்கள் இரண்டு பேரையும் விடப் பெரிசாக.

வீடு வந்து காலைக் கழற்றிப் பார்த்தால் தழும்பின் ஓரத்தில் இரண்டு கொப்புளம். மூன்று நாள் காலை மாட்டக் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். மூன்று நாளும் நான் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் வழக்கம்போல வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார்கள். "மறுபடி முடியலையா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"உக்காருங்க," என்பேன். "எங்க போயிட்டு வந்தேன்னு கேளுங்க மொதல்ல."

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். கயிறு, வேர், மிதி, மழை எல்லாம். நான்காவது ஆளுக்குச் சொல்லும்போது மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு முறைத்தாள்.

"இன்னும் எத்தன பேருக்கு இந்தக் கதையச் சொல்லுவீங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க தப்புத் தப்பாச் சொல்றீங்க," என்றாள். "அந்த எடத்துல கயிறு கெடையாது. நான் சொல்றேன் இருங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள்.